உங்களுக்குத் தெரியுமா? கேமரா வாங்கும் முன் கொஞ்சம் தலை சுற்றட்டும்!

புதுசாக ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கலாமா என்று யோசிக்கிறீர்களா? கொடுக்கிற காசுக்குத் தகுமா என்று ராத்திரித் தூக்கம் போகிறதா? கடைக்காரர் வாயைத் திறக்காத சங்கதிகளை மூட்டை மூட்டையாகப் பிடித்து வந்திருக்கிறேன். பர்ஸைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு படியுங்கள்!

கலர் எடுக்கத் தெரியாத கேமராவுக்குக் கலர் கேமராவைவிட விலை அதிகம்! 2009ல் வந்த லைக்கா எம்9 கேமராவின் விலை 6,995 டாலர். 2012ல் அதே குடும்பத்திலிருந்து கறுப்பு வெள்ளை மட்டுமே எடுக்கும் ‘எம் மோனோக்ரோம்’ வந்தது. விலை 7,950 டாலர். கலரைப் பிடுங்கியதற்குக் கூலி 955 டாலர்!

இருங்கள், அதே கம்பெனி 2016ல் இன்னும் ஒரு படி மேலே போனது. பின்பக்கத் திரையையே தூக்கிவிட்டு ‘எம்-டி’ என்று ஒரு டிஜிட்டல் கேமரா. எடுத்த படத்தை அதில் பார்க்கவே முடியாது. திரை உள்ள மாடல் 5,195 டாலர். திரை இல்லாத மாடல் 5,995 டாலர். இல்லாத திரைக்கு 800 டாலர்! அதையும் ஆசை ஆசையாக வாங்கினார்கள்!

ஹாசல்பிளாட் என்றால் நிலாவுக்குப் போய் வந்த பெயர். அந்தப் பெருமையை வைத்து 2012ல் ‘லூனார்’ என்று ஒரு கேமராவை அறிவித்தார்கள். மரப்பிடி, தோல், டைட்டானியம், கார்பன் ஃபைபர் என்று மாப்பிள்ளை அலங்காரம். விலை சுமார் 5,000 யூரோ. உள்ளே இருந்தது என்ன? சோனி நெக்ஸ்-7! அன்று கடையில் அதன் பாடி சுமார் 1,200 டாலர்தான். அதே 24 மெகாபிக்சல், அதே சென்சார்!

பானசோனிக் எல்எக்ஸ்100 மார்க் 2, லைக்கா டி-லக்ஸ் 7. இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். 2018ல் வந்தபோது ஒன்று சுமார் 1,000 டாலர், மற்றது 1,195. நடுவில் இருக்கும் அந்தக் கிட்டத்தட்ட 200 டாலர், லைக்காவின் சிவப்பு வட்ட முத்திரைக்கு!

அடுத்ததைப் படித்தபோது எனக்கே நெஞ்சு பகீர் என்றது. 2011ல் சிக்மா நிறுவனம் எஸ்டி1 என்ற கேமராவை விற்பனைக்கு விட்டது. சென்சாரில் மூன்று அடுக்கு. ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் பிடிக்கும். பட்டியல் விலை 9,700 டாலர்! கடையில் சுமார் 6,900. கடன் வாங்கியாவது வாங்கிவிட்டுப் பெருமையாகத் தோளில் மாட்டிக்கொண்டவர்களும் இருந்திருப்பார்கள். மறு வருடமே ‘எஸ்டி1 மெரில்’ என்று பெயரை மட்டும் நீட்டி அதே கேமரா திரும்பி வந்தது. விலை? 2,300 டாலர்!

முதலில் வாங்கி ஏமாந்தவர்களுக்கு சிக்மா என்ன கொடுத்தது தெரியுமா? பணம் இல்லை. பாயிண்ட்! அந்தப் பாயிண்டை வைத்து சிக்மா பொருள்களையே வாங்கிக்கொள்ளலாம்!

இனி ஒரு சின்னக் கணக்கு. ஒரு மெகாபிக்சல் என்ன விலை? காய்கறி மாதிரி கிலோ ரேட் போட்டுப் பார்த்தேன். கிறுகிறுத்துப் போனேன்!

1991. கோடாக் டிசிஎஸ். நிக்கான் எஃப்3 பாடியில் 1.3 மெகாபிக்சல் சென்சாரைப் பொருத்தியது. சுமார் 20,000 டாலர். ஒரு மெகாபிக்சல் 15,000 டாலருக்கு மேல்!

1999. நிக்கான் டி1. 2.7 மெகாபிக்சல், சுமார் 5,500 டாலர். ஒரு மெகாபிக்சல் 2,000 டாலர்!

2003. கேனான் 300டி. 6.3 மெகாபிக்சல், பாடி 899 டாலர். ஆயிரம் டாலருக்குக் கீழே இறங்கிய முதல் டிஎஸ்எல்ஆர். ஒரு மெகாபிக்சல் 143 டாலர்!

2022. சோனி ஏ7ஆர் 5. 61 மெகாபிக்சல், 3,900 டாலர். ஒரு மெகாபிக்சல் 64 டாலர்!

2024. ஃபுஜிஃபில்ம் ஜிஎஃப்எக்ஸ்100எஸ் 2. 102 மெகாபிக்சல், 5,000 டாலர். ஒரு மெகாபிக்சல் வெறும் 49 டாலர்!

அந்த 1991 கோடாக்கைத் தனியாகத் தூக்கிக்கொண்டு கிளம்ப முடியாது. தோளில் இன்னொரு பெட்டியும் தொங்கும். அதற்குள் 200 மெகாபைட் ஹார்டு டிஸ்க். 156 படம் எடுத்தால் பெட்டி நிறைந்துவிடும். மூன்று ஆண்டில் விற்றது மொத்தம் 987!

அதே கோடாக் பெயரில் 2025ல் சாவிக்கொத்தில் தொங்குகிற குட்டிக் கேமரா ஒன்று வந்தது. பெயர் ‘சார்மெரா’. 30 கிராம் எடை. 1.6 மெகாபிக்சல். அதாவது 20,000 டாலர் கேமராவைவிட 0.3 கூடுதல்! விலை 30 டாலர்!

உலகின் முதல் டிஜிட்டல் கேமராவை எடுத்த எடுப்பில் விற்றிருந்தால் யார் வாங்கியிருப்பார்கள்? 1975ல் கோடாக் பொறியாளர் ஸ்டீவன் சாசன் செய்தது அது. எடை 3.6 கிலோ. 0.01 மெகாபிக்சல். படத்தைச் சேமித்தது பாட்டு கேட்கும் கேசட்டில். ஒரு படம் பதிவாக 23 விநாடி!

அந்தக் கண்டுபிடிப்புக்கு 1978ல் காப்புரிமை கிடைத்தது. கோடாக்கின் டிஜிட்டல் படக் காப்புரிமைகள் பின்னாளில் பல நூறு கோடி டாலர் கொட்டின. ஆனாலும் 2012 ஜனவரியில் கோடாக் திவால் மனு கொடுத்தது! டிஜிட்டல் கேமராவைப் பெற்றெடுத்த கம்பெனியை டிஜிட்டல் கேமராதான் சாய்த்தது!

மெகாபிக்சல் விலை இப்படிச் சரிந்துவிட்டதே, எல்லாரும் 100 மெகாபிக்சலே வாங்கிவிடலாமா? அவசரப்படாதீர்கள். இன்ஸ்டாகிராமில் செங்குத்தாகப் போடும் படம் 1080க்கு 1350 புள்ளி. பெருக்கினால் 1.46 மெகாபிக்சல்! 61 மெகாபிக்சல் கேமராவில் எடுத்துப் போட்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்கு புள்ளி வழியிலேயே காணாமல் போகும்!

ஏ4 தாளில் நேர்த்தியாக அச்சடிக்க எவ்வளவு வேண்டும்? 8.7 மெகாபிக்சல். 4கே டிவி முழுக்க நிறைய எவ்வளவு வேண்டும்? 8.3. இருபது வருடத்துக்கு முன்பே கேமராக்கள் இதைத் தாண்டிவிட்டன!

24 மெகாபிக்சலிலிருந்து 61க்குத் தாவினால் படம் இரண்டரை மடங்கு பெரிதாகும் என்றுதானே நினைத்தீர்கள்? அகலத்தில் 6,000 புள்ளி 9,504 ஆகும். கூடியது 58 சதவீதம். அவ்வளவுதான்!

செவ்வாயில் சுற்றிக்கொண்டிருக்கும் கியூரியாசிட்டி ரோவரின் திட்டச் செலவு சுமார் 250 கோடி டாலர். அதன் உச்சியில் உள்ள மாஸ்ட்கேம் கேமராக்கள் தலா எவ்வளவு? 2 மெகாபிக்சல்! உங்கள் போனின் செல்ஃபி கேமரா காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்!

எதிர்முனையில் சிலி நாட்டு மலை உச்சியில், வேரா ரூபின் வானாய்வகத்தில் ஒரு ராட்சதன். 3,200 மெகாபிக்சல். எடை சுமார் 3 டன். 189 சென்சார். மைனஸ் 100 டிகிரிக்குக் குளிர வைத்துத்தான் இயக்குகிறார்கள். ஒரு படத்தை முழு அளவில் பார்க்க 4கே டிவி கிட்டத்தட்ட 400 வேண்டும்! செலவு 16.8 கோடி டாலர்.

அதற்கும் கிலோ ரேட் போடாமல் விடுவேனா? ஒரு மெகாபிக்சல் 52,500 டாலர். 1991 கோடாக்கைவிட மூன்று மடங்குக்கு மேல்! இதை வேறு எங்காவது படித்திருக்கிறீர்களா?

உங்கள் கேமரா எடுக்கும் கலர் படத்தில் மூன்றில் இரண்டு பங்கு நிறம் ஊகம்! ஆமாம். சாதாரண சென்சாரில் ஒரு புள்ளி ஒரே ஒரு நிறத்தைத்தான் பார்க்கும். 24 மெகாபிக்சல் என்றால் 12 பச்சை, 6 சிவப்பு, 6 நீலம். மிச்சத்தைப் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்கிறது. இந்த ஏற்பாட்டுக்கு 1976ல் காப்புரிமை வாங்கிய பிரைஸ் பேயரும் கோடாக்காரர்தான்!

டிஜிட்டல் கேமராவுக்கு உயிர் கொடுத்த சிசிடி சென்சாரின் யோசனை பெல் ஆய்வகத்தில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தபோது பிறந்தது. வில்லார்டு பாயில், ஜார்ஜ் ஸ்மித். 1969. அடிப்படைத் திட்டத்தைக் கரும்பலகையில் போட்டு முடிக்கச் சுமார் ஒரு மணி நேரம்தான்! நோபல் பரிசு கிடைத்தது 2009ல். ஒரு மணி நேர வேலைக்கு 40 வருடக் காத்திருப்பு!

ஃபுல் ஃப்ரேம் கேமரா ஏன் இத்தனை விலை? கேனானே ஒருமுறை எழுதி வைத்த கணக்கு இது. 8 அங்குல சிலிக்கான் தட்டு ஒன்றிலிருந்து சின்ன ஏபிஎஸ்-சி சென்சார் சுமார் 200 கிடைக்கும். ஃபுல் ஃப்ரேம் சென்சார்? வெறும் 20! பரப்பளவு இரண்டரை மடங்குதான். செலவோ 10 மடங்கு, 20 மடங்கு என்று தாவும்!

100 மெகாபிக்சல் ஹாசல்பிளாட் எக்ஸ்2டி வந்தபோது 8,199 டாலர். 100 மெகாபிக்சல் ஃபுஜிஃபில்ம் ஜிஎஃப்எக்ஸ்100எஸ் வந்தபோது 5,999 டாலர். சென்சாரின் அளவு ஒன்றே. அதைச் செய்து கொடுத்த கைகளும் ஒன்றே. சோனி!

அந்த ஃபுஜிஃபில்ம் வரிசை சரிந்த வேகம் இருக்கிறதே! 2019ல் ஜிஎஃப்எக்ஸ்100 வந்தது 10,000 டாலருக்கு. 2021ல் தம்பி வந்தான், 6,000. 2024ல் கடைக்குட்டி, 5,000. மெகாபிக்சல் மூன்றிலும் அதே 102. காத்திருந்தவர் பாக்கெட்டில் பாதிப் பணம் மிச்சம்!

காத்திருக்கவே மாட்டேன், உச்சத்தில் இருப்பதே வேண்டும் என்கிறீர்களா? ஃபேஸ் ஒன் எக்ஸ்எஃப் ஐக்யூ4. 150 மெகாபிக்சல். 2018ல் அறிவித்த விலை சுமார் 52,000 டாலர்!

எல்லாமே சரிகிறது என்று குஷியாகிவிடாதீர்கள். மேலே ஏறுகிற கூட்டமும் உண்டு. சோனி ஏ7 வரிசையைப் பாருங்கள். மூன்றாவது மாடல் 2018ல் 2,000 டாலர். நான்காவது 2021ல் 2,500. ஐந்தாவது 2025ல் 2,900. ஏழே வருடத்தில் 900 டாலர் ஏற்றம்!

சோனி ஆர்எக்ஸ்1ஆர் என்ற கையடக்கக் கேமராவின் இரண்டாவது மாடல் 2015ல் 3,300 டாலர். மூன்றாவது மாடலுக்கு ரசிகர்கள் பத்து வருடம் தவம் கிடந்தார்கள். 2025ல் வரம் கிடைத்தது. 5,100 டாலருக்கு!

இதைக் கேளுங்கள், சிரிப்பு வரும். கேனான் எல்ஃப் 360 என்ற சட்டைப்பைக் கேமரா 2016ல் 210 டாலர். இளசுகளுக்குப் பழைய மாடல் மோகம் வந்ததும் அதையே 2025ல் தூசி தட்டி மறுபடி இறக்கினார்கள். அதே சென்சார், அதே லென்ஸ். விலை 380 டாலர்! போதாததற்கு எஸ்டி கார்டு போகும் இடத்தை மைக்ரோ எஸ்டியாகச் சுருக்கிவிட்டார்கள். குறைத்துக் கொடுத்து விலையை ஏற்றுகிற வித்தை!

ஃபுஜிஃபில்ம் எக்ஸ்100வி 2020ல் 1,400 டாலருக்கு வந்தது. டிக்டாக்கில் பேச்சு கிளம்பியது. கடையில் சரக்கு தீர்ந்தது. பழசு விலை புதுசின் விலையைத் தாண்டிப் போனது! பழகிய கேமராவை விற்று லாபம் பார்த்த அதிசயம் இதில்தான் நடந்தது!

ஏன் இப்படி ஏறுகிறது? ஒரே ஒரு எண் சொல்கிறேன். 2010ல் உலகம் முழுக்கக் கடைக்குப் போன டிஜிட்டல் கேமராக்கள் சுமார் 12 கோடியே 15 லட்சம். 2023ல் சுமார் 77 லட்சம். 94 சதவீதம் காலி! குறைவாக விற்றால் விலை உயர்ந்ததைத்தானே விற்க வேண்டும்?

நம் ஊர்ப் பில்லுக்கு ஒரு நல்ல சேதி. டிஜிட்டல் கேமராவுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதமாக இருந்தது. 2019 ஜனவரி 1 முதல் 18 ஆனது. இரண்டு லட்ச ரூபாய்ச் சரக்குக்கு வரி 56,000லிருந்து 36,000. சத்தமில்லாமல் 20,000 ரூபாய் மிச்சம்! ஒரு சின்ன லென்ஸே வந்துவிடும்.

லென்ஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. கேமரா வாங்குகிறோம் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். வாங்குவது கேமராவை இல்லை, மவுண்ட்டை! பாடியின் முன்னால் இருக்கும் அந்த உலோக வளையம்தான் உங்கள் அடுத்த பத்து வருடச் செலவைத் தீர்மானிக்கிறது!

லைக்காவின் எம் மவுண்ட் 1954ல் வந்தது. அந்த வருடத்து லென்ஸை 2022ல் வந்த 60 மெகாபிக்சல் எம்11ல் அப்படியே மாட்டலாம். 68 வருட இடைவெளி! விலையைத் திட்டினேனே தவிர, இந்த ஒரு விஷயத்தில் லைக்காவுக்கு ஒரு சலாம்.

நிக்கானின் எஃப் மவுண்ட் 1959 சரக்கு. 1977ல் வந்த ஏஐ லென்ஸைக்கூட ஒரு அடாப்டர் போட்டு இன்றைய இசட் கேமராவில் பொருத்தலாம். ஃபோகஸ் மட்டும் கையால் திருக வேண்டும்.

கேனான் நேர் எதிர்! 1987ல் எஃப்டி மவுண்ட்டை ஒரேயடியாகத் தலைமுழுகியது. அதுவரை வாங்கிய லென்ஸ்கள் புது பாடியில் பொருந்தவில்லை. போட்டோகிராபர்கள் கொதித்துப் போனார்கள். ஆனால் புது மவுண்ட்டின் வாய் 54 மி.மீ. அகலம். நிக்கானின் வாய் 44. 2018ல் நிக்கானும் புது மவுண்ட் போட்டது. அதன் வாய் 55 மி.மீ. கேனானைவிட ஒரே ஒரு மில்லிமீட்டர் கூடுதல்!

செத்துப் போன சிஸ்டங்களின் பட்டியல் இதோ. மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். நிக்கான் 1: 2011ல் பிறப்பு, 2018ல் இறப்பு. கேனான் ஈஎஃப்-எம்: 2012ல் பிறப்பு, 2023ல் இறப்பு. சோனி ஏ மவுண்ட்: 1985ல் மினோல்டா பெற்ற பிள்ளை, 2021ல் கண்ணை மூடியது. கான்டாக்ஸ் என் டிஜிட்டல், 2002. உலகின் முதல் ஃபுல் ஃப்ரேம் டிஎஸ்எல்ஆர் என்ற பட்டம் வாங்கிய கையோடு மறு வருடமே காணாமல் போனது!

சாம்சங் கதை இன்னும் சோகம். 2014ல் என்எக்ஸ்1 என்று ஒரு கேமரா. 28 மெகாபிக்சல், 4கே வீடியோ, 1,500 டாலர். அன்றைய தேதிக்கு ஜப்பான்காரர்களே மிரண்டார்கள். 2017ல் சாம்சங் கேமராத் தொழிலுக்கே முழுக்குப் போட்டது. நல்ல கேமரா வாங்கியவர்கள் நடுத்தெருவில்!

படம் எடுத்த பிறகு ஃபோகஸை மாற்றிக்கொள்ளலாம் என்றது லைட்ரோ. மாயாஜாலம்தான். 2014ல் வந்த இல்லம் மாடல் 1,599 டாலர். 2018ல் கம்பெனியே மூடல்!

2018ல் சைஸ் இசட்எக்ஸ்1 என்ற கேமராவைக் காட்டினார்கள். படத்தைத் திருத்தும் லைட்ரூம் செயலி கேமராவுக்குள்ளேயே. கடைக்கு வரவே இரண்டு வருடம். விலை 6,000 டாலர். இரண்டாவது மாடல் வரவே இல்லை!

1936லேயே கேமரா செய்யத் தொடங்கிய ஒலிம்பஸ், 2021 ஜனவரி 1 அன்று அந்தத் தொழிலைக் கைமாற்றிக் கொடுத்துவிட்டது. 85 வருடப் பேரும் போச்சு!

லென்ஸ் விலைக்கு வருவோம். சரக்கு இங்கேதான் இருக்கிறது!

கேனானின் ஆர்எஃப் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் 2020ல் 199 டாலர். எடை 160 கிராம். நிக்கானின் 58 மி.மீ. எஃப் 0.95 நாக்ட் லென்ஸ் 2019ல் 7,999 டாலர். எடை 2 கிலோ. விலை 40 மடங்கு, எடை 12 மடங்கு. 8,000 டாலர் கொடுத்து வாங்கிய பிறகு ஃபோகஸ் தானாக வருமா என்றா கேட்கிறீர்கள்? வராது. கையால்தான் திருக வேண்டும்!

24-70 எஃப் 2.8. கல்யாணம் எடுக்கும் போட்டோகிராபர்களின் பிழைப்பு லென்ஸ். சோனி போட்ட சோனி லென்ஸ் வந்தபோது 2,299 டாலர். அதே சோனிக்கு சிக்மா போட்ட லென்ஸ் 1,099. டாம்ரான் கொஞ்சம் மாற்றி 28-75 போட்டது, 899. ஒன்றின் விலைக்கு இரண்டு வாங்கிச் சில்லறையும் மிச்சம்!

அப்படியானால் எல்லா மவுண்ட்டிலும் இந்த வசதி உண்டா? அதுதான் இல்லை! கேனான் தன் ஆர்எஃப் கதவை வெளியாருக்குப் பூட்டியே வைத்திருந்தது. 2018ல் வந்த மவுண்ட்டுக்கு சிக்மாவும் டாம்ரானும் முறையான அனுமதியோடு உள்ளே வருவதாக அறிவித்தது 2024 ஏப்ரலில். அதுவும் சின்ன சென்சார் லென்ஸ்களுக்கு! கடைக்காரரிடம் இதைக் கேளுங்கள், முகம் மாறும்.

பறவை எடுப்பவர்களுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த கதை. நிக்கானின் பழைய 800 மி.மீ. எஃப் 5.6 லென்ஸ் 16,000 டாலருக்கு மேல், எடை 4.59 கிலோ. 2022ல் வந்த 800 மி.மீ. எஃப் 6.3 லென்ஸ் 6,499 டாலர், எடை 2.385 கிலோ. விலையும் பாதிக்குக் கீழே, எடையும் கிட்டத்தட்டப் பாதி! கலங்கரை விளக்கத்துக் கண்ணாடியின் உத்தியைச் சுருட்டி உள்ளே வைத்ததில் வந்த லாபம் இது!

கேனானின் 1200 மி.மீ. எஃப் 5.6 லென்ஸ். 1993. எடை 16.5 கிலோ. ஆர்டர் கொடுத்தால்தான் செய்வார்கள். உள்ளே இருக்கும் ஃப்ளோரைட் படிகம் வளரவே ஏறக்குறைய ஒரு வருடம் ஆகுமாம். 2021ல் ஜெர்மனியின் வெட்ஸ்லர் நகரில் ஒன்று ஏலத்துக்கு வந்தது. போன விலை 5 லட்சம் யூரோ! பழைய பாடிக்கு இந்த மரியாதை கிடைக்குமா?

கிடைத்திருக்கிறதே! 2022ல் அதே வெட்ஸ்லர் நகரில் லைக்கா 0 வரிசைக் கேமரா ஒன்று 1 கோடியே 44 லட்சம் யூரோவுக்குப் போனது. லைக்காவை உருவாக்கிய ஆஸ்கர் பார்னாக் சொந்தமாக வைத்திருந்தது. ஆனால் அது ஃபிலிம் கேமரா. டிஜிட்டலுக்கு அந்த யோகம் இன்னும் வரவில்லை!

பேட்டரி பேச்சை யாரும் எடுப்பதில்லை, நான் எடுக்கிறேன். நிக்கான் டி5 டிஎஸ்எல்ஆரை ஒருமுறை சார்ஜ் போட்டால் 3,780 படம். 2013ல் வந்த முதல் சோனி ஏ7 மிரர்லெஸ்? 340 படம்! கண்ணாடியைத் தூக்கியதும் பேட்டரி பதினொன்றில் ஒரு பங்கு ஆனது!

கேனான் 1டிஎக்ஸ் மார்க் 3 கேமராவின் ஷட்டர் 5 லட்சம் படம் தாங்கும். பெரிய எண்தான். ஆனால் அது விநாடிக்கு 16 படம் சுடும். விரலை எடுக்காமல் அழுத்தினால் 5 லட்சமும் தீர எவ்வளவு நேரம்? 8 மணி 40 நிமிடம்! ஒரே ஷிஃப்ட்!

நிக்கான் இசட்9ல் அந்தத் தொல்லையே இல்லை. தேய்வதற்கு ஷட்டரே கிடையாது! 5,500 டாலர் கேமராவில் முக்கியமான ஒரு பாகத்தை மொத்தமாகக் கழற்றிவிட்டார்கள். 2024 ஜனவரியில் விண்வெளி நிலையத்துக்கும் கிளம்பிப் போனது.

சோனி ஏ9 மூன்றாவது மாடல் ஒரு விநாடியை 80,000 துண்டாக வெட்டி அதில் ஒரு துண்டில் படம் எடுக்கும். விநாடிக்கு 120 படம். வந்தபோது 6,000 டாலர். இத்தனை வேகத்தில் ஓடுகிற உறவினர் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் சொல்லுங்கள்!

கை நடுக்கத்தை அடக்கும் வசதிக்கு எல்லை எது? பூமி! ஆறரை ஸ்டாப் என்ற அளவுக்கு மேல் போக முடியாமல் பூமியின் சுழற்சியே தடுக்கிறது என்று 2016ல் ஒலிம்பஸ் பொறியாளர்கள் சொன்னார்கள். நகர்வது உங்கள் கையா, உலகமா என்று கேமராவுக்குக் குழப்பமாம். இன்றைய கேமராக்கள் எட்டு, எட்டரை ஸ்டாப் என்று மார் தட்டுகின்றன. பூமியையே ஏமாற்றிவிட்டார்கள்!

2020ல் வந்த கேனான் ஆர்5, 8கே ரா வீடியோவில் நிமிடத்துக்கு 19 ஜிபிக்கு மேல் விழுங்கும். 512 ஜிபி கார்டு 26 நிமிடத்தில் காலி. ஆனால் கார்டு நிறையும் வரை கேமரா தாங்காது. வந்த புதிதில் 20 நிமிடத்தில் சூடேறி நின்றது. அதுவும் 23 டிகிரி வெப்பத்தில்! நம் ஊர் மே மாதத்தை நினைத்துப் பாருங்கள்.

இத்தனை குறை சொன்னாலும் இந்தச் சின்னப் பெட்டிகள் செய்த சாகசம் கொஞ்சமா? 2023ல் வந்த ‘தி கிரியேட்டர்’ ஹாலிவுட் படத்தின் பட்ஜெட் 8 கோடி டாலர். எடுத்த கேமரா சோனி எஃப்எக்ஸ்3. அப்போதைய விலை 3,900 டாலர்! எந்தக் கடையிலும் கிடைப்பது!

2010லேயே ‘ஹவுஸ்’ தொடரின் ஆறாவது சீசன் கடைசி எபிசோடை கேனான் 5டி மார்க் 2ல் எடுத்தார்கள். 2,700 டாலர் போட்டோ கேமரா! ஹாலிவுட்டின் அலெக்ஸா 65 கேமராவையோ, எத்தனை கோடி வைத்திருந்தாலும் உங்களால் வாங்க முடியாது. வாடகைக்கு மட்டும்தான்!

எல்லாம் சரி, வாங்கலாமா வேண்டாமா என்று கேட்கிறீர்களா? என் தீர்ப்பு இதுதான். போட்டோ உங்கள் பிழைப்பு என்றால் வாங்குங்கள், உழைத்துக் காசைத் திருப்பிவிடும். ஆசைக்கு என்றால் போன தலைமுறை பாடியும் ஒரு நல்ல லென்ஸும் போதும். பாடி விலை வருடா வருடம் இறங்கும், லென்ஸ் நின்று பேசும். அதே மவுண்ட்டுக்கு சிக்மாவும் டாம்ரானும் என்னென்ன லென்ஸ் போட்டிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் ஷட்டர் கவுண்ட் கேட்காமல் ஒரு பைசா அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்!